துவர்ப்பு – கடிதம்

அன்புள்ள அக்கா,

வரும் பிப்ரவரியில் நாங்கள் நான்கு நண்பர்கள் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கா போகிறோம். ஐந்து நாள் கேப் டவுனில். அதில் ஒரு நாள் ஒயின் பண்ணைகளுக்கு. காலையில் கிளம்பி ஆறு பண்ணைகளைப் பார்த்துவிடுவதாகத் திட்டம். பெண்களும் பிள்ளைகளும் அன்று துறைமுகக் கடைகளுக்குப் போய்விடுவார்கள். என் மனைவி சைவம், அவளுக்குச் சாப்பாடு கிடைக்குமா? இரவில் லாங் ஸ்ட்ரீட் பக்கம் போவது பாதுகாப்பா?

உண்மையில் என் தயக்கம் வேறு. ஒயின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வீடியோக்களில் 'பிளாக்கரண்ட், சீடர் மரம், புகையிலை' என்று ஏதேதோ சொல்கிறார்கள். நமக்கு அந்த நாக்கு கிடையாது. ஒயினை ரசிக்கும் மரபும் நமக்கு இல்லை. அங்கே முட்டாளாகத் தெரியாமல் இருக்க நான்கைந்து சொற்கள் சொல்லித் தர முடியுமா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

'நமக்கு அந்த நாக்கு கிடையாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். போன மாதம் என் அம்மாவின் நினைவு நாளுக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அண்ணனின் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. வாழைப்பூப் பொரியலை ஒரு வாய் போட்டவன், "வாய் ஒரு மாதிரி இழுக்குது பாட்டி" என்றான். அதுதான் துவர்ப்பு என்றேன். அவன் அந்தச் சொல்லையே கேட்டதில்லை. ருசி அவன் வாயில் இருக்கிறது, பெயர் இல்லை. அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். லாங் ஸ்ட்ரீட், க்ளூஃப் ஸ்ட்ரீட், பிரீ ஸ்ட்ரீட் மூன்றும் மாலையில் நல்ல கூட்டமாக இருக்கும், தாராளமாகப் போங்கள். வாசலில் இறங்கி வாசலிலேயே வண்டி ஏறுங்கள். நேரம் கழித்து நடக்க வேண்டாம், போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். சைவச் சாப்பாட்டைப் பற்றிக் கவலையே படாதீர்கள்.

ஆறு பண்ணைகள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கணக்குப் போடுங்கள். ஒரு பண்ணையில் ஐந்து ஒயின் ஊற்றுவார்கள். ஒன்றுக்கு 25 மில்லி என்றால்கூட ஆறு பண்ணைகளில் 750 மில்லி. அது ஒரு முழு பாட்டில். மூன்றாவது பண்ணையிலேயே நாக்கு மரத்துப்போகும், ஆறாவதில் பெயர்ப் பலகை தவிர எதுவும் நினைவில் நிற்காது. இதற்கா அவ்வளவு தூரம் பறந்து போகிறீர்கள்? ஒரு நாளைக்கு இரண்டு போதும். ஒரு காலையில் கான்ஸ்டான்ஷியா, அது நகரத்தை ஒட்டியே இருக்கிறது. இன்னொரு நாள் ஸ்டெல்லன்போஷ் அல்லது ஃபிரான்ஷூக், இரண்டும் ஒயினுக்குப் பேர்போன ஊர்கள். ஃபிரான்ஷூக்கில் 2012 முதல் பண்ணைகளுக்கு டிராம் ஓடுகிறது, நீங்கள் யாரும் வண்டி ஓட்ட வேண்டியதில்லை. மேசையில் துப்புவதற்கு ஒரு குவளை வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் துப்புங்கள். அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்கிறார்கள்.

அப்புறம், பெண்கள் கடைக்குப் போவார்கள் என்பது. தம்பி, உங்கள் வீட்டில் பால் திரிவதற்கு முன்பே முகர்ந்து சொல்வது யார்? பெருங்காயம் பழசு என்று டப்பாவைத் திறந்ததும் கண்டுபிடிப்பது யார்? ஒயினில் நாக்குக்கு வேலை கொஞ்சம்தான், பெரும்பங்கு மூக்குக்கு. உங்கள் நான்கு வீடுகளிலும் பழகிய மூக்குகளையெல்லாம் கடைக்கு அனுப்பிவிட்டு எதை ருசிக்கப் போகிறீர்கள்? உங்கள் மனைவி குடிக்க வேண்டாம் என்று நினைத்தால் குடிக்காமல் இருக்கட்டும். கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்து பார்க்கட்டும். பிள்ளைகள் ஓடி விளையாடப் பல பண்ணைகளில் பெரிய புல்வெளி இருக்கிறது. அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி நாக்கு விஷயம். நீங்கள் பிளாக்கரண்ட் பழம் தின்றிருக்கிறீர்களா? இல்லை என்றால் அந்தச் சொல் உங்களுக்கு எதற்கு? ஐரோப்பியர்கள் தங்கள் தோட்டத்துப் பழங்களின் பெயர்களை ஒயினுக்கு வைத்தார்கள். அது அவர்கள் வாயின் நினைவு, அவர்களுக்குச் சரி. அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் உங்கள் வாயில் நடப்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினுக்கு 'கூஸ்பெர்ரி' என்று எழுதியிருப்பார்கள். நம் ஆட்கள் அதை நெல்லிக்காய் என்று மொழிபெயர்த்துக்கொண்டு நெல்லியைத் தேடுவார்கள். அது வேறு பழம். நெல்லியின் துவர்ப்பும், அதன் மேல் தண்ணீர் குடித்தால் வரும் இனிப்பும் அதில் கிடையாது.

நம்மிடம் இல்லாத நாக்கா? சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் ஓக் பீப்பாயும் சேர்ந்து ஒன்றைத் தருகின்றன. அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, வாய் வறண்டு இழுக்கிறது. ஒயின்காரர்கள் அதை டேனின் என்று வேதிப்பொருளின் பெயரால் சொல்கிறார்கள். நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. இனிப்பு, புளிப்பு, உப்பு, கார்ப்பு, கசப்போடு சமமாக உட்கார்ந்திருக்கிறது துவர்ப்பு. அதிலும் எத்தனை வகை! பாக்கின் துவர்ப்பு கன்னத்தின் உட்புறத்தைப் பிடிக்கும். வாழைப்பூ பல்லில் நிற்கும். கடுக்காய் தொண்டை வரை போகும். மாதுளம்பிஞ்சு நாக்கின் நுனியைச் சுருட்டும். பால் விடாத டிகாக்‌ஷனில் கசப்போடு கலந்து வரும். ஒரு சிவப்பு ஒயினை வாயில் வைத்துக்கொண்டு, இது பாக்கா, வாழைப்பூவா, கடுக்காயா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். விலை உயர்ந்த ஒயினுக்கும் மட்டமான ஒயினுக்கும் உள்ள வித்தியாசம் பாதி அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

மரபு இல்லை என்றும் சொல்கிறீர்கள். யவனர் கொண்டுவந்த மதுவைச் சங்கப் புலவர் 'தண்கமழ் தேறல்' என்றார். குளிர்ச்சி, மணம், தெளிவு மூன்றும் அந்த இரண்டு சொற்களில் இருக்கின்றன. அந்த மது வந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. ஒயினை வாயில் வைத்துப் பார்த்து நல்ல சொல் சொன்ன ஒருவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மொழியில் இருந்தார். நீங்கள் என்னிடம் நான்கைந்து சொல் கடன் கேட்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படித்தான் போய் உட்கார்ந்திருந்தேன். என் மகள் ஸ்டெல்லன்போஷில் ஓராண்டு படித்தபோது அவளைப் பார்க்கப் போனேன். ஏப்ரல் மாதம், அறுவடை முடிகிற நேரம். ஊரே நொதிக்கிற திராட்சையின் வாசனையில் இருந்தது. ஒரு பண்ணையில் எங்களுக்கு ஊற்றிக் கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பினோடாஜ் ஊற்றினார். அந்த ஊரிலேயே பிறந்த திராட்சை அது. ஆபிரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் 1925இல் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளைக் கலப்பினம் செய்ததில் கிடைத்தவை நான்கே நான்கு விதைகள். தன் வீட்டுத் தோட்டத்தில் போட்டுவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதர் மண்டிய அந்தத் தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்த சமயத்தில் வேறொருவர் செடிகளைக் காப்பாற்றியிருக்கிறார். நான் மேசையில் இருந்த தாளைப் பார்த்து 'பிளம், மல்பெரி' என்று வாசித்தேன். அந்தப் பெண் தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். "இது எங்கள் முதலாளி எழுதியது. உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டார்.

மறுபடியும் ஒரு வாய் குடித்தேன். "நாவல்பழம்" என்றேன், தமிழிலேயே. பள்ளிக்கூட வாசலில் உப்புத் தூவி விற்பார்களே, நாக்கை ஊதாவாக்கி, இனிப்பு போனபிறகும் வாயை இறுக்கிப் பிடித்திருக்குமே, அதேதான். பிறகு அவருக்குப் புரியும்படி சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, தனக்கு ஒயினைக் கற்றுத் தந்தது வகுப்பு இல்லை, பாட்டிதான் என்றார். பாட்டி மலைச்சரிவில் முளைக்கும் புக்கு என்ற மூலிகையைக் கசக்கி முகரக் கொடுப்பாராம். வெள்ளை ஒயின்களில் தான் முதலில் தேடுவது அந்த வாசனையைத்தான் என்றார்.

அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தேன். குடும்பப் பெயர் ஒரு மாதத்தின் பெயர். ஊர் திரும்பும் வழியில் மகள் சொல்லித்தான் அதன் பொருள் தெரிந்தது. கேப் என்று சொல்லும் கேப் டவுன் பகுதியில் அடிமைகளுக்கு அவர்கள் வந்து சேர்ந்த மாதத்தை வைத்துப் பெயரிடுவது உண்டு. ஜனவரி, பிப்ரவரி, செப்டம்பர் என்று இன்றும் அங்கே குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. மற்றவர்களுக்கு வந்த இடத்தின் பெயர்: வங்காளத்தவர், மலபாரைச் சேர்ந்தவர், கோரமண்டலத்தவர். கோரமண்டலம் என்றால் நம் சோழமண்டலக் கரைதான். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டைகள் இருந்தன. 1652இல் கம்பெனி கேப்பில் இறங்கியது. 1659 பிப்ரவரி 2 அன்று முதன்முதலாக அங்கே திராட்சை பிழிந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் வந்துவிட்டன. இந்தியா, மடகாஸ்கர், மொசாம்பிக், ஜாவா என்று அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். கொடி நட்டதும் பழம் பறித்ததும் அவர்கள் கைகள். கான்ஸ்டான்ஷியாவின் இனிப்பு ஒயின் செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனுக்குப் போனது என்று பண்ணையில் பெருமையாகச் சொல்வார்கள். அதைப் பிழிந்தவர்களுக்கு அப்போது சொந்தப் பெயர்கூட இல்லை. அடிமைகளுக்கு விடுதலை கிடைத்த பிறகும் பண்ணைகளில் கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே கொடுத்தார்கள். 'டாப்' என்று அதற்குப் பெயர். 1960களிலேயே சட்டம் தடுத்தும் 1990கள் வரை அங்கங்கே ஓடியது. தலைமுறைகளைக் குடியில் தள்ளிய வழக்கம் அது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்படும் குழந்தைகள் மேற்கு கேப் மாகாணத்தில் இன்றும் மிக அதிகம்.

நம் கரையிலிருந்து போனவர்களின் நாக்கில் துவர்ப்பு என்ற சொல் இருந்திருக்கும். ஓரிரு தலைமுறையில் அது போய்விட்டது. யாரும் எழுதி வைக்கவில்லை. அங்கே ஒரு கொடிக்கே இப்படி நடந்திருக்கிறது. 'ஸ்டீன்' என்று முந்நூறு வருடம் பயிரிட்ட வெள்ளைத் திராட்சை பிரான்சின் செனின் பிளாங்க்தான் என்று 1960களில்தான் கண்டுபிடித்தார்கள். கொடிக்குப் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. (அதைக் கட்டாயம் குடித்துப் பாருங்கள். பழுக்கத் தொடங்கிய கொய்யாவும் தேனும்.)

மொழி போனாலும் சமையலில் மிச்சம் இருக்கிறது. கேப் டவுனில் போ-காப் என்ற குன்றுப் பகுதியின் வீடுகளில் கடலை மாவும் கீரையும் மிளகாயும் சேர்த்துப் பொரிப்பதை 'டால்ச்சி' என்கிறார்கள். பருப்பைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்லோடு 'சின்னது' என்று பொருள்படும் டச்சு விகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரொட்டி, அச்சார், சம்பால் எல்லாம் உண்டு. உங்கள் மனைவியை அங்கே அழைத்துப் போங்கள். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களின் உணவகங்கள், மது கிடைக்காது. அந்த மாலைக்கு அது வேண்டவும் வேண்டாம். போகும் வழியில் அடிமைகளை அடைத்து வைத்திருந்த 1679ஆம் ஆண்டுக் கட்டடம் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். ஒயின் பண்ணைக்குப் போவதற்கு முந்தின நாள் அதைப் பாருங்கள், பிந்தின நாள் வேண்டாம்.

இரவில் ஏதாவது ஒரு ஜாஸ் அரங்கில் உட்காருங்கள். கூமா தாளம் வந்தால் கவனித்துக் கேளுங்கள். கூமா என்ற அந்த முழவு சின்ன ஒயின் பீப்பாயில் தோல் கட்டிச் செய்தது. எசமானர்கள் புத்தாண்டு கொண்டாடி முடித்த மறுநாள், ஜனவரி 2, அடிமைகளுக்கு விடுமுறை. அன்று காலிப் பீப்பாயை எடுத்து அடித்திருக்கிறார்கள். இன்றும் அந்த நாளில் வண்ண உடை போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். நான் அந்தத் தாளத்தை முதலில் கேட்டபோது கையில் ஒரு கோப்பை சிவப்பு ஒயின் இருந்தது. பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன். பாட்டு முடிந்த பிறகு எடுத்து மெதுவாகக் குடித்தேன். அன்று அதன் துவர்ப்பு கடுக்காய் மாதிரி தொண்டை வரை இருந்தது.

நீங்கள் கேட்ட நான்கைந்து சொற்களை நான் தரவில்லை. பிப்ரவரியில் போகிறீர்கள், அறுவடை நடக்கும், நல்ல காற்று அடிக்கும். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள். முதல் கோப்பையை முகர்ந்ததும் உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று, அவர் சொன்ன அதே சொல்லில்.

அன்புடன்,
அக்கா