கேள்வி – பதில்: மலிவு வாட்ச், பழைய முகம்

என்னிடம் சீக்கோ 5 வகையில் எஸ்.என்.கே.809 இருக்கிறது. அறுபதுகளில் கட்டிய வாட்ச் போல அதை மாற்ற ஆசை. கேஸில் அரத்தைப் போட்டுக் கீறினால் பழசாகிவிடும் என்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– வாசகர், ஹட்டன்

அரத்தைத் தூர வையுங்கள். கீறல் வேறு, தேய்வு வேறு. பல வருடம் கையில் இருந்த வாட்ச்சில், சட்டைக் கை உரசும் விளிம்பும் பட்டி பூட்டும் காதுகளின் நுனியும் வழவழவென்று மழுங்கியிருக்கும். அரம் விடும் கோடு ஒரே திசையில் ஓடி, கிட்டப் போனதுமே பொய் என்று காட்டிவிடும்.

நீங்கள் எடுத்த வாட்ச் இதற்குப் பொருத்தமானது. அந்தக் காலத்து ஆண்கள் வாட்ச் பெரும்பாலும் 33 முதல் 36 மில்லிமீற்றர்தான், உங்களுடையது 37. கேஸும் ஏற்கெனவே பளபளப்பில்லாத மங்கல். அதைத் தொடவே வேண்டாம்.

வயதைச் சொல்வது முதலில் கண்ணாடிதான். பழைய வாட்ச்களில் மேடாக வளைந்த அக்ரிலிக் இருக்கும். சாய்த்துப் பார்த்தால் ஓரத்து எண்கள் நெளியும். உங்களுடையதில் இருப்பது தட்டையான ஹார்ட்லெக்ஸ் (சீக்கோவின் கடினமாக்கிய மினரல் கண்ணாடி), பிளாஸ்ரிக் வளையத்துக்குள் அழுத்தி வைத்தது. பழைய கண்ணாடியின் விட்டத்தை வேர்னியர் அளவுகோலில் 0.1 மில்லிமீற்றர் வரை அளந்து அதே அளவில் புதியது வாங்குங்கள். அக்ரிலிக்கில் கீறல் விழுந்தால் பற்பசை தேய்த்தே போக்கலாம், ஆனால் அந்த வளையத்தில் அது தண்ணீரை நம்பகமாகத் தடுக்காது. மலைநாட்டு மழைக்கு வளைந்த மினரல் கண்ணாடியே என் தேர்வு. நெளிவும் கிடைக்கும், வளையமும் இறுகப் பிடிக்கும்.

அடுத்தது டயலும் முள்ளும். உள்ளே இருக்கும் 7எஸ்26 மெஷினுக்கு 28.5 மில்லிமீற்றர் டயல் வேண்டும். முட்களின் துளை மணிக்கு 1.5, நிமிடத்துக்கு 0.9, விநாடி முள்ளின் குழல் 0.2. பலர் தவறுவது டயலின் கால்களில், அதாவது அதை மெஷினில் பொருத்தப் பின்னால் நீட்டியிருக்கும் ஊசிகளில். இந்த வாட்ச்சின் சாவி (நேரம் திருப்பும் குமிழ்) மூன்று மணியில் இல்லை, நான்கை ஒட்டி இருக்கிறது. மூன்று மணிச் சாவிக்கான கால்கள் மட்டும் உள்ள டயலைப் பூட்டினால் 12 மணி எழுத்து உச்சியில் நிற்காமல் சரிந்துவிடும். நான்கு கால் உள்ள டயலென்றால் வேண்டாத இரண்டை நறுக்கிவிடலாம். கிழமை, திகதி சன்னல் இல்லாத டயல் இன்னும் பழசாய்த் தெரியும்; உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், கெடுதல் இல்லை.

முள்ளைக் கழற்றுமுன் மூன்றையும் 12இல் சேர்த்து வையுங்கள். டயல்மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை விரித்து, இரு பக்கமும் நெம்புகோலை வைத்துச் சமமாகத் தூக்குங்கள். திருப்பிப் பூட்டும்போது, திகதி மாறும் கணம் வரை சாவியைத் திருப்பி, அங்கே மணி முள்ளை 12இல் அழுத்துங்கள். இதை விட்டால் மத்தியானத்தில்கூடத் திகதி மாறலாம். பின்பக்கத்துத் தராசுச் சக்கரத்தில் விரல் படவே கூடாது. அதிலுள்ள மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங் வளைந்தால் வீட்டில் நிமிர்த்த முடியாது.

டயலில் பிரபல பழைய கம்பனியின் பெயரை அச்சடித்துப் போடாதீர்கள். பெயரில்லாத டயலே போதும். விற்கும்போது, மாற்றியது என்று சொல்லியே விற்க வேண்டும்.

முட்களின் வெள்ளைப் பூச்சுக்குச் சாயத்தண்ணி தடவினால் பழைய மஞ்சள் வருமா?
– வாசகி, தலவாக்கலை

வரும், முட்களில் மட்டும். இரவில் ஒளிரும் அந்தப் பூச்சுக்கு நுண்துளை உண்டு. தேயிலைக் கறை அதற்குள் இறங்கும். சுற்றியிருக்கும் வண்ணத்தில் ஒட்டாது.

இரண்டு தேக்கரண்டி டஸ்ட் தேயிலைக்கு 50 மில்லிலீற்றர் கொதிநீர். சீனி, பால் கூடாது. பத்து நிமிடம் ஊறியதும் இரண்டு தரம் துணியில் வடித்து, ஆறவிடுங்கள். முள்ளைக் கழற்றித் தீக்குச்சி நுனியில் ஒட்டுக்களிமண்ணால் நிறுத்தி, 000 அளவு நுண்ணிய தூரிகையால் மெல்லிய பூச்சாகத் தடவி, ஒவ்வொன்றும் இருபது நிமிடம் காயட்டும். துளி தேங்கினால் விளிம்பில் கருவளையம் விழும். தாள் நுனியால் உடனே உறிஞ்சிவிடுங்கள். ஈரத்தில் நிறம் அடர்த்தியாய்த் தெரிந்து காய்ந்ததும் வெளிறும், அவசரப்பட்டு அடுத்த பூச்சைப் போடாதீர்கள். ஐந்தாறு பூச்சில் பழைய பித்தளை மஞ்சள் கிடைக்கும். கடைசியில் மெல்லிய மேட் வார்னிஷ் ஒரு பூச்சு. அது இல்லாவிட்டால் ஈரத்தில் கறை கரையும், பூஞ்சையும் பிடிக்கும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே பூட்டுங்கள்.

டயலுக்கு இந்த முறை ஆகாது. ஓரத்தில் நீர் நுழைந்தால் வண்ணமே எழும்பிவிடும். காவியையும் கரும்பழுப்பையும் கலந்த அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீராய்க் கரைத்துத் தூரிகையால் தொடுங்கள். முள்ளும் டயலும் துல்லியமாய் ஒத்துப்போகாவிட்டால் கவலை வேண்டாம், அசல் பழைய வாட்ச்சிலும் இரண்டும் ஒரே மாதிரி மஞ்சளாவதில்லை.

தாத்தாவின் உடைந்த வாட்ச்சில் ஒளிரும் முட்கள் இருக்கின்றன. அந்தப் பூச்சைச் சுரண்டி என் வாட்ச்சில் போடலாமா?
– வாசகர், பதுளை

வேண்டவே வேண்டாம். 1960களுக்கு முந்திய வாட்ச்களில் கதிர்வீச்சுள்ள ரேடியம் பூசினார்கள். இப்போது ஒளிராதது அது தீர்ந்ததால் அல்ல. ஒளிவிடும் துத்தநாகச் சேர்மம்தான் தேய்ந்துபோனது. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். மூடிய வாட்ச்சை அப்படியே வைத்திருக்கலாம். ஆபத்து, சுரண்டும்போது பறக்கும் தூள் மூச்சோடு உள்ளே போவதில். திறக்காமல், கண்ணாடி உடைந்திருந்தால் மூடியுள்ள பையில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். டயலின் அடியில் இரண்டு ஆங்கில 'T' எழுத்துகளுக்கு நடுவே 'SWISS' என்று இருந்தால் அது டிரிட்டியம், அதுவும் கதிர்வீச்சுள்ளதுதான், பாதியாகக் குறைய சுமார் 12 வருடம். அதையும் சுரண்ட வேண்டாம்.

முகத்தை மாற்றிப் பூட்டிய பிறகு, பனிக் காலையில் கண்ணாடிக்குள் ஆவி படிகிறது. ஏன்?
– வாசகர், நுவரெலியா

மழை நாளில் திறந்து மூடியிருப்பீர்கள். ஈரக்காற்று உள்ளே அடைபட்டது. மணிக்கட்டின் சூட்டில் இருந்த வாட்ச் குளிர்காற்றில் இறங்கியதும் அது கண்ணாடியில் படிகிறது. பின்மூடியைத் திறந்து, சாவியை வெளியே இழுத்து, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் ஓரிரவு வையுங்கள். பின்மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாய்த் தடவி, வெயில் ஏறிய மத்தியானத்தில் பூட்டுங்கள். வேலை செய்யும்போது வாட்ச்மேல் மூச்சு விழாமல் பாருங்கள். பிறகு கண்ணாடிமேல் பனிக்கட்டியை ஒரு நிமிடம் வையுங்கள். மறுபடி மங்கினால் வளையத்தை மாற்ற வேண்டும், அல்லது சாவி வழியாக ஈரம் வருகிறது.

பழைய தோல் பட்டி பூஞ்சை பிடிக்கிறது.
– வாசகி, பண்டாரவளை

நனைந்தால் கழற்றிக் காற்றில் காயவிடுங்கள், அடுப்படியில் அல்ல. சூட்டில் தோல் வெடிக்கும். இரவில் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். மழை மாதங்களில் 18 மில்லிமீற்றர் நைலோன் பட்டி கட்டுங்கள், காக்கி நிறமென்றால் அந்தக் காலத்துப் பட்டாளத் தோற்றமும் வரும்.