பாடசாலையில இஸ்லாமிய விழுமியங்களை வச்சு பிள்ளையளின்ர குணத்தை வளர்க்க ஏலுமா?

ஏலும், ஆனா இஸ்லாம் பாட பீரியட்டுக்குள்ள மட்டும் வளராது. நான் யாழ்ப்பாணத்தில அந்தப் பாடம்தான் படிப்பிக்கிறன், பொறுமை, அமானிதம் (நம்பி ஒப்படைச்சதைப் பாதுகாத்துத் திருப்பிக் குடுக்கிறது), வாய்மை எல்லாத்துக்கும் விளக்கம் எழுதி ஓ லெவல்ல ஏ எடுக்கக்கூடிய பிள்ளையே இன்டர்வல்ல பக்கத்தில இருக்கிறவனை பட்டப்பேர் சொல்லி அழ வைக்கும். அதால நான் தொடங்கிறது பட்டப்பேரில இருந்துதான்.

குர்ஆன்ல சூரா (அத்தியாயம்) ஹுஜுராத் 49:11 ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்யாதீங்க, பட்டப்பேர் சொல்லி கூப்பிடாதீங்க எண்டு நேராவே சொல்லுது. எங்கட ஊர்ல இதை விளங்கப்படுத்த கஷ்டமே இல்ல. 1990 ஒக்டோபர் 30ல யாழ்ப்பாண முஸ்லிம்களை ரெண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடச் சொன்னதும் புத்தளம் பக்கம் போய் ஒதுங்கின சனத்துக்கு வருசக்கணக்கா 'அகதி' எண்டதே பேராப் போச்சு. அந்தப் பேரைக் கேக்கேக்க எப்படி இருந்தது எண்டு வீட்ட உம்மம்மாட்ட கேட்டுட்டு வாங்கோ எண்டு பிள்ளையளை அனுப்புவன், கேட்டுட்டு வந்த பிறகு அந்த ஆயத்தை (வசனத்தை) ஓதிக் காட்டினா அது வேற மாதிரி மனசில இறங்குது. டீச்சர்மாருக்கும் இதே சட்டம்தான். நாங்களே 'மொக்கு' எண்டு கூப்பிட்டுக்கொண்டு பிள்ளையைத் திருத்த வெளிக்கிடக் கூடாது.

அடுத்தது அமானிதம். மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் போகேக்க நபி (ஸல்) அவங்க தன்னட்ட மக்காவாசிகள் ஒப்படைச்ச பொருட்களை திருப்பிக் குடுக்கச் சொல்லி அலி (ரலி) அவங்களை விட்டுட்டுப் போனாங்க, அதுவும் தன்னை ஊரை விட்டே போக வச்ச ஊர்ச் சனத்தின்ர பொருள். இந்த வரலாறு பரீட்சைக்கு பாடமாக்கிறதோட நிண்டா பிரயோசனம் இல்ல, வகுப்பிலயே கூடின குழப்படிக்காரனிட்ட லைப்ரரித் திறப்பையோ சுற்றுலாக் காசையோ பொறுப்பா குடுத்துப் பாருங்கோ. நம்பிக் குடுக்கேக்க அவன் நிமிந்து நிப்பான்.

எங்கட பாடசாலையளில இந்து, கிறிஸ்தவ டீச்சர்மாரும் படிப்பிக்கினம், அவையளும் இதில தாராளமா சேரலாம். கணக்கு டீச்சர் நிறுத்தல் அளவை படிப்பிக்கேக்க அளவில மோசடி செய்யிறவைக்கு கேடுதான் எண்டு சூரா முதஃப்ஃபிஃபீன் தொடங்குறதை ஒருக்கா சொன்னா காணும்.

ஒண்டு மட்டும் வேண்டாம், லுஹர் (மத்தியானத் தொழுகை) நேரம் பிரம்போட வாசல்ல நிக்கிறது. பிள்ளையள் தொழுவினம், ஆனா பிரம்பைப் பாத்துத்தான் தொழுவினம். அந்த நேரம் டீச்சர் வுழு எடுக்கிற (தொழ முதல் முகம், கை, கால் கழுவுற) பைப்படியில நிக்கட்டும், ஏனெண்டா நபி (ஸல்) அவங்க ஒரு முத் அளவு தண்ணியில வுழு எடுத்தாங்க எண்டு ஹதீஸ் இருக்கு, அது ஒரு லீட்டரே வராது. வருசம் முழுக்க ஓடுற ஆறே இல்லாம நிலத்தடித் தண்ணியை நம்பி இருக்கிற யாழ்ப்பாணத்தில பைப்பை முழுசா திறந்துவிட்டு கதைச்சுக்கொண்டு வுழு எடுக்கிறதைப் பாக்க எனக்கு மனசு கேக்காது. ஒரு போத்தல்ல அளந்து குடுத்துப் பாருங்கோ, அஞ்சாம் ஆண்டுப் பிள்ளையள் போட்டி போட்டு மிச்சம் பிடிப்பினம்.