மருந்துக்குச் சாகாத நுளம்பு: மலேரியாக் கேள்விகளும் பதில்களும்

நுளம்பைப் பிடித்துக் குழாயில் அடைத்து, செத்ததா உயிரோடிருக்கிறதா என்று எண்ணியே என் உத்தியோக காலம் கழிந்தது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு என்று அலைந்து ஓய்வுபெற்ற பூச்சியியல் ஆள் நான். மலேரியா நுளம்பையும் மருந்தெதிர்ப்பையும் பற்றி எதையும் கேட்கலாம். காய்ச்சலுக்கு என்ன குளிசை என்று கேட்காதீர்கள், நான் டொக்டர் இல்லை.

வவுனியாவிலிருந்து: ஐயா, நுளம்பு மருந்துக்குப் பழகிவிடும் என்கிறார்களே, எப்படி? நாங்கள் உறைப்புக்குப் பழகுவது மாதிரியா?

இல்லை தம்பி. எந்த நுளம்பும் பழகுவதில்லை. விசிறின மருந்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு தப்பும். தப்பினது முட்டையிடும், அந்தக் குஞ்சுகளும் தப்பும். நாங்கள் அதே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்து, சாகக்கூடியவற்றையெல்லாம் கொன்று, சாகாதவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம். சில வருடங்களில் ஊர் முழுக்க அதன் வாரிசுகள்தான்.

தப்புகிற வழிகளில் இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். ஒன்று, மருந்து போய் ஒட்டுகிற நரம்பு வாசலே உருமாறிவிடுவது. டிடிடி என்ற பழைய பூச்சிமருந்தும், பைரத்ராய்ட் என்ற பூச்சிமருந்துக் குடும்பமும் ஒரே வாசலில் ஒட்டுகிறவை. அதனால் அங்கே ஒரு மாற்றம் வந்தால் இரண்டும் சேர்ந்து தோற்கும். இரண்டாவது, நுளம்பின் உடம்பில் உள்ள நொதிகள் மருந்தை உடைத்துத் தள்ளிவிடுவது. எந்த நொதி கூடியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மருந்து தோற்கும், இன்னொன்று வேலை செய்யும். இவை தவிர, மருந்து பூசிய சுவரில் உட்காராமல் வெளியிலேயே கடித்துவிட்டுப் போகிற நுளம்பும் உண்டு. அதற்கு எந்தச் சுவர் மருந்தும் உதவாது.

லண்டனிலிருந்து: இலங்கையில் மலேரியா இல்லை என்று சான்றிதழே கொடுத்துவிட்டார்களே. எங்கள் நுளம்புக்கு எதிர்ப்பு இருந்ததா, இல்லையா?

இருந்தது. கதை நீளம், ஆனால் சொல்லவேண்டிய கதை.

1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றின. மணலுக்குள் தேங்கிய தெளிந்த குட்டைகளில் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் பெருகியது. எங்கள் நாட்டின் முக்கிய மலேரியா நுளம்பு அதுதான். சுமார் 80,000 பேர் செத்தார்கள். பிறகு 1946இல் வீட்டுச் சுவர்களுக்கு டிடிடி விசிறத் தொடங்கினார்கள். 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள். பதினேழு! வெற்றி என்று நினைத்து விசிறலை நிறுத்தினார்கள். இரத்தப் பரிசோதனையும் தளர்ந்தது. மாணிக்கக் குழி தோண்ட ஆட்கள் காட்டுக்குள் போனார்கள். 1968, 69 இரண்டு வருடங்களிலும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா. அவசரமாக மறுபடி டிடிடியை எடுத்தால், பழைய மாதிரி வேலை செய்யவில்லை. குலிசிபேசிஸ் எதிர்ப்பு காட்டத் தொடங்கியிருந்தது.

1977இல் மலத்தியன் என்ற வேறு பூச்சிமருந்துக்கு மாறினோம். அப்போது ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: மலத்தியன் மலேரியாவுக்கு மட்டும், வயலுக்குக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். அதனால் அது கன வருடம் தாக்குப்பிடித்தது. 1990களில் பைரத்ராய்ட் வந்தது. அதற்குப் பிறகு நாடு முழுக்க ஒரே மருந்து என்ற பழக்கத்தை விட்டு, இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மருந்துக் குடும்பம் மாற்றி அடித்தார்கள். பெயரை மாற்றுவது இல்லை, குடும்பத்தை மாற்றுவது. டெல்டாமெத்ரினை விட்டு லாம்டா-சைஹலோத்ரினுக்குப் போவது, அண்ணன் வீட்டில் கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போவது மாதிரி. இரண்டும் பைரத்ராய்ட்தான்.

மருந்து மட்டும் மலேரியாவை ஒழிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சண்டைக் காலத்திலும் நடமாடும் குழுக்கள் குடிசை குடிசையாகப் போய் விரலில் குத்தி இரத்தம் எடுத்தன. நோயாளியைக் கண்டுபிடித்துக் குணமாக்கினால் நுளம்புக்குக் கிருமி கிடைக்காது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டுத் தொற்று நின்றது. 2016இல் சான்றிதழ்.

சென்னையிலிருந்து: எங்கள் தெருவில் வாரம் ஒருமுறை கொசுப்புகை அடிக்கிறார்கள். அது போதுமா?

போதாது. புகை, அந்த நிமிடத்தில் பறந்துகொண்டிருக்கிற கொசுவை மட்டும் பிடிக்கும். சுவரிலும் கட்டிலுக்கு அடியிலும் ஓய்வெடுப்பது தப்பும். மறுநாள் தொட்டியிலிருந்து புதிதாக வெளிவருவதற்குப் புகை அடித்த சேதியே தெரியாது. உங்கள் ஊரில் மலேரியாவைக் கொண்டுவருவது பெரும்பாலும் ஸ்டெபன்சி என்கிற அனோபிலிஸ் கொசு. மேல்நிலைத் தொட்டி, கிணறு என்று நல்ல தண்ணீரில் முட்டையிடும். தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள்.

டொரொண்டோவிலிருந்து: உண்மையைச் சொல்லுங்கள். டிடிடியைச் சுற்றுச்சூழல்காரர்கள் தடை செய்ததால்தானே மலேரியா திரும்பி வந்தது? இலங்கையே அதற்குச் சாட்சி.

வருடங்களைப் பாருங்கள். இலங்கை விசிறலை நிறுத்தியது 1960களின் நடுவில், நோய் குறைந்துவிட்டது என்பதால். கொள்ளைநோய் 1968இல். அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது 1972இல். பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாகுமா? கொள்ளைநோய்க்குப் பிறகும் இலங்கை டிடிடியைத்தான் விசிறியது. எங்களுக்கு யாரும் தடை போடவில்லை. நுளம்புதான் தடை போட்டது.

முல்லைத்தீவிலிருந்து: புகை அடிக்கிற மெஷின் ஒன்று வாங்கினால் கிராமத்துக்குப் பிரயோசனமா?

சென்னைக்காரருக்குச் சொன்ன பதில்தான். அந்தக் காசுக்கு நுளம்பு வலை வாங்குங்கள்.

டான்சானியாவில் வேலை செய்யும் ஒருவர்: இங்கே எல்லா வீட்டிலும் மருந்து வலை இருக்கிறது, ஆனாலும் பிள்ளைகளுக்கு மலேரியா வருகிறது. எந்த வலையைக் கேட்டு வாங்குவது?

நல்ல கேள்வி. நீங்கள் இருக்கிற நாட்டிலேயே இதற்குப் பதில் தேடியிருக்கிறார்கள்.

நீண்ட காலம் எல்லா மருந்து வலையிலும் இருந்தது பைரத்ராய்ட் மட்டுமே. மனிதருக்குப் பாதுகாப்பாகவும் நுளம்புக்கு வேகமாகவும் வலை நூலில் தங்கக்கூடிய மருந்து வேறு இருக்கவில்லை. ஒரே மருந்தைக் கண்டம் முழுக்கத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதை முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்து வந்தது பிபிஓ சேர்த்த வலை. பிபிஓ நுளம்பைக் கொல்வதில்லை. மருந்தை உடைக்கிற நொதியின் கையைக் கட்டிப்போடும், அதற்குள் பைரத்ராய்ட் தன் வேலையை முடிக்கும். இன்னொன்று குளோர்ஃபெனாபைர் சேர்த்த வலை. இதில் ஒரு குறும்பு இருக்கிறது. குளோர்ஃபெனாபைர் அப்படியே விஷம் இல்லை. நுளம்பின் நொதிகள் அதை மாற்றிய பிறகுதான் விஷமாகும். எந்த நொதி பைரத்ராய்டிலிருந்து நுளம்பைக் காப்பாற்றியதோ, அதே நொதி இங்கே அதற்கு நஞ்சு சமைத்துக் கொடுக்கிறது! அது தாக்குவதும் நரம்பை அல்ல, கலத்துக்குள் சக்தி உண்டாகிற இடத்தை. அதனால் நுளம்பு மெதுவாகச் சாகும், மூன்று நாள் வரை பிடிக்கலாம். வலையில் பட்டும் சாகாமல் பறக்கிறது என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள்.

மிசுங்வி மாவட்டத்தில் நாலு வகை வலைகளை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்து இரண்டு வருடம் பார்த்தார்கள். 2022இல் முடிவு வெளியானது. பைரத்ராய்ட் மட்டும் உள்ள வலையோடு ஒப்பிட்டால், குளோர்ஃபெனாபைர் வலை கிடைத்த ஊர்களில் பிள்ளைகளுக்கு மலேரியா 44 வீதம் குறைவு. பிபிஓ வலையில் 27 வீதம். 2023இல் உலக சுகாதார அமைப்பு குளோர்ஃபெனாபைர் வலையைப் பலமாகப் பரிந்துரைத்தது. ஆகவே அதைக் கேளுங்கள். கிழிந்தால் தையுங்கள். ஓட்டை வலைக்கு எந்த மருந்தும் துணை நிற்காது.

ஒரு பயமும் இருக்கிறது. இதையும் கண்டம் முழுக்கத் தொங்கவிட்டு, சோதிக்காமல் இருந்தால் இதுவும் ஒரு நாள் தோற்கும். முதலில் சோதனை, பிறகு மருந்து. கல்வெட்டில் பொறிக்கச் சொன்னாலும் இதைத்தான் பொறிப்பேன்.

மட்டக்களப்பிலிருந்து: டெங்குக்கு என்ன செய்யலாம்?

அது ஈடிஸ், வேறு நுளம்பு, பகலில் கடிப்பது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, அதுதான் பிஎச்ஐயை, கேளுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: கொசுவத்தி, செருகி வைக்கிற திரவம் இவற்றாலும் எதிர்ப்பு வருமா?

அவற்றிலும் பெரும்பாலும் பைரத்ராய்ட் குடும்பம்தான். பெட்டியின் பின்பக்கம் வாசித்துப் பாருங்கள், பெயர் பெரும்பாலும் "த்ரின்" என்று முடியும். வலையில் உள்ளதும் அதே குடும்பம் என்றால் கொசுவுக்கு இரட்டைப் பயிற்சி.

கிளிநொச்சியிலிருந்து: வயலுக்கு அடிக்கிற மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய. குடம்பி, அதாவது நுளம்பின் புழு, வளர்கிற தண்ணீர் உங்கள் வாய்க்காலில் இருந்தும்தான் வருகிறது. சுகாதாரப் பகுதி விசிற முன்னமே வயலில் அடித்த மருந்து அங்கே நுளம்பைத் தெரிவுசெய்துவிடும். மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோரின் பருத்தித் தோட்டங்களுக்குக் கணக்கில்லாமல் அடித்ததில், அங்குள்ள மலேரியா நுளம்பு ஒரே நேரத்தில் பல மருந்துக் குடும்பங்களுக்கு எதிர்ப்பு எடுத்தது. எங்களிடமும் மலத்தியனை ஒதுக்கி வைத்தோமே தவிர, அதன் குடும்பத்து மற்ற மருந்துகள் வயலில் தாராளமாக ஓடின. வேலி போட்டோம், படலையைத் திறந்து வைத்தோம்.

மறுபடி டொரொண்டோ: தென்னாபிரிக்காவை ஏன் மறைக்கிறீர்கள்? டிடிடியை விட்டதும் மலேரியா வந்தது, டிடிடி திரும்பி வந்ததும் போனது.

மறைக்கவில்லை, கேட்டால் சொல்ல வைத்திருந்தேன். நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. 1996இல் அவர்கள் டிடிடியை விட்டு டெல்டாமெத்ரினுக்கு மாறினார்கள். விசிறலால் எப்போதோ காணாமல் போயிருந்த அனோபிலிஸ் ஃபியூனெஸ்டஸ் என்ற மலேரியா நுளம்பு குவாசுலு-நேட்டால் மாகாணத்துக்குத் திரும்பி வந்தது. மருந்து விசிறிய வீட்டுக்குள்ளேயே உயிரோடு பிடித்தார்கள். 2000இல் நாட்டில் 60,000க்கும் மேல் நோயாளிகள். அந்த வருடமே டிடிடிக்குத் திரும்பினார்கள், நோய் இறங்கியது.

ஆனால் ஏன் டிடிடி அங்கே வேலை செய்தது? அந்த நுளம்பின் எதிர்ப்பு நொதி வகை. பைரத்ராய்டை உடைத்தது, டிடிடியை உடைக்கவில்லை. நரம்பு வாசல் மாறியிருந்தால் இரண்டும் சேர்ந்து தோற்றிருக்கும். அவர்கள் முதலில் நுளம்பைப் பிடித்துச் சோதித்தார்கள். அடுத்த வருடமே நோயாளிகளுக்கு ஆர்ட்டிமீதர் சேர்ந்த புது மருந்தும் கொடுத்தார்கள், இறக்கத்தில் அதற்கும் பங்குண்டு. இதைவைத்து இந்தியக் குலிசிபேசிஸுக்கும் டிடிடியை அடி என்றால் எப்படி? அது பல இடங்களில் டிடிடிக்கு எப்போதோ தலையாட்டுவதை விட்டுவிட்டது.

கொழும்பிலிருந்து: ஐயா, டொரொண்டோக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2001இல் உலகம் முழுக்க டிடிடியை மூடிவிட்டார்களே?

இல்லை, இல்லை. 2001 ஸ்டொக்ஹோம் ஒப்பந்தம் வயலுக்கு அடிப்பதைத்தான் மூடியது. நோய் பரப்பும் பூச்சிக்காக வீட்டுச் சுவரில் விசிற வாசல் திறந்தே இருக்கிறது. 2006இல் உலக சுகாதார அமைப்பே அதை மறுபடி ஆதரித்துப் பேசியது. டிடிடி தெய்வமும் இல்லை, பேயும் இல்லை, அலுமாரியில் உள்ள மருந்துகளில் ஒன்று. அதன் மாற்றுகளும் பால் இல்லை. 1976இல் பாகிஸ்தானில் தரம் கெட்ட மலத்தியனை விசிறியதில் சுமார் 2,800 தொழிலாளர்களுக்கு நஞ்சேறியது, ஐந்து பேர் செத்தார்கள். கையுறை போடாமல் கலக்கிய எங்கள் பொடியன்களோடு நான் மல்லுக்கு நின்றது இதனால்தான். டிடிடி கதை இத்தோடு போதும், வேறு கேள்விக்கு வாருங்கள்.

திருச்சியிலிருந்து: சாம்பிராணியோடு வேப்பிலை போட்டுப் புகை...

புகைக் கேள்வி இன்றைக்கு இது மூன்றாவது. கொசு கொஞ்ச நேரம் விலகும், உங்களுக்கு இருமல் வரும். வலைக்குள் படுங்கள்.

மன்னாரிலிருந்து: எங்கள் பக்கம் புது நுளம்பு வந்திருக்கிறது என்று கிணற்றைப் பார்க்க வருகிறார்கள். வந்து மீன் விடுகிறார்கள். தண்ணீர் நாறாதா?

நாறாது. ஒரு கிணற்றுக்குச் சில சின்ன மீன்கள் போதும். வந்திருப்பது அதே ஸ்டெபன்சி. 2016 கடைசி, 2017 தொடக்கத்தில் மன்னார்த் தீவில் கண்டார்கள், பிறகு யாழ்ப்பாணத்திலும். இதே நுளம்பு 2012இல் செங்கடல் ஓரத்து ஜிபூட்டிக்குப் போனது. அந்த வருடம் அங்கே 27 நோயாளிகள், 2020இல் 73,000க்கு மேல். எதியோப்பியாவில் சோதித்தால் பல குடும்ப மருந்துக்கும் சாகவில்லை. மருந்தால் பிடிக்க முடியாததை மீனால் பிடிக்கலாம், மீனுக்கு எதிர்ப்பு எடுத்த குடம்பியை நான் இன்னும் காணவில்லை. வருகிறவர்களை உள்ளே விடுங்கள். பாவிக்காத கிணற்றுக்கு வலையாவது போட்டு மூடுங்கள். குளோரின் போட்டால் மீன் சாகும், போட்ட பிறகு சொல்லி அனுப்பினால் புது மீன் தருவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி: ஐயா, நுளம்புச் சோதனையில் விழுந்து கிடக்கிறது காலை ஆட்டினால் செத்ததா, உயிரா? எங்கள் குழுவில் ஆளுக்கொரு கணக்கு.

வாருங்கள் பிள்ளை, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 24 மணி நேரம் கழித்து நிற்கவும் பறக்கவும் முடியாவிட்டால் அது செத்த கணக்கு, காலை எவ்வளவு ஆட்டினாலும் சரி. கால் உடைந்தும் பறக்கிறதா, உயிர்க் கணக்கு. குழாய்க்கு 25 ஆக நாலு குழாயில் பெண் நுளம்புகள், இரத்தம் குடிக்காதவை, மூன்று முதல் ஐந்து நாள் வயது. மருந்து ஊறிய தாள் வைத்த குழாயில் ஒரு மணி நேரம், பிறகு வேறு குழாயில் சீனித் தண்ணீரோடு. 98 வீதமும் அதற்கு மேலும் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் குறைந்தால் எதிர்ப்பு உறுதி. இடையில் என்றால் மறுபடி செய்யுங்கள். மருந்தில்லாத குழாயிலும் 20 வீதத்துக்கு மேல் செத்தால் முழுச் சோதனையையும் தூக்கிப் போடுங்கள்.

மேசைக் கால் நாலையும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் வையுங்கள். ஒருக்கால் வவுனியாவில் நான் விடிய எழும்பிப் பார்த்தபோது நூறு வீதமும் செத்துக் கிடந்தது. சந்தோசப்பட்டுக் குறிப்பில் எழுதப் போனால், மருந்தில்லாத குழாயிலும் நூறு வீதம். சீனித் தண்ணீர்ப் பஞ்சுக்கு எறும்பு ஏறியிருந்தது.