சிகாகோவுக்கு வரும் தம்பிக்கு: வீடு, டிவி, பேஸ்பால்

தம்பி, மார்ச் கடைசியில் சிகாகோ வருகிறீர்கள், அலுவலகம் நகர மையமான லூப் பகுதியில், கல்யாணம் இன்னும் ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்டது மூன்று. நம்மவர்கள் நிறைய இருக்கும் புறநகரான நேப்பர்வில் பக்கம் வீடு பார்ப்பதா, ஊருக்குள்ளேயே இருப்பதா? டிவிக்கு கேபிள் எடுக்கத்தான் வேண்டுமா? வீடியோ மீட்டிங்கில் ஆளாளுக்கு 'கப்ஸ், கப்ஸ்' என்று இந்த ஊர் பேஸ்பால் அணியைப் பற்றியே பேசுகிறார்களே, பேஸ்பால் தெரியாமல் அங்கே காலம் தள்ள முடியுமா? எனக்கு இந்த மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. ஆபீஸ் முடிந்த பிறகு சாயங்காலத்தை என்ன செய்வது என்பதுதான் அது. இங்கே வந்து மனசு விட்டுப்போய்த் திரும்பியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். வேலையை எல்லாரும் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆறு மணிக்கு மேல்தான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

வீட்டு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஊருக்குள் இருங்கள். நேப்பர்வில், அரோரா பக்கம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பள்ளிக்கூடம், அரோராவில் பாலாஜி கோயில், கொஞ்சம் தள்ளி லெமான்ட்டில் ராமர் கோயில், வாரக் கடைசியில் யார் வீட்டிலாவது பிறந்தநாள். குழந்தை குட்டியோடு வருகிறவர்களுக்கு அதுதான் சரி. தனி ஆளுக்கு அங்கே கார் இல்லாமல் பால் பாக்கெட்கூட வாங்க முடியாது. ஆபீஸில் கொஞ்சம் தாமதமானால் அடுத்த ரயில் எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊருக்குள் சிவப்பு ரயில் தடம் 24 மணி நேரமும் ஓடுகிறது. எட்ஜ்வாட்டர், ரோஜர்ஸ் பார்க் மாதிரி வடக்குப் பகுதிகளில் வாடகை கொஞ்சம் தணிந்திருக்கும், ஏரிக்கரை நடந்து போகிற தூரம், டெவான் அவென்யூ மளிகைக் கடைகளுக்கு பஸ் உண்டு. கறிவேப்பிலை முதல் இட்லி அரிசி வரை எல்லாம் கிடைக்கும். வீடு பார்க்கும்போது ஹீட்டர் செலவு யாருடையது என்று கேளுங்கள். வாடகையிலேயே ஹீட்டிங் சேர்ந்த வீடென்றால், செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை பகலில் குறைந்தது 68 டிகிரி ஃபாரன்ஹீட், இரவில் 66 டிகிரி சூடு கொடுக்க வேண்டும் என்று மாநகராட்சிச் சட்டமே இருக்கிறது. வீட்டுக்காரர் இழுத்தடித்தால் மாநகராட்சியின் 311 எண்ணுக்கு ஃபோன் செய்து புகார் சொல்லலாம்.

காரை மட்டும் முதல் வருஷம் வாங்காதீர்கள். இந்த ஊர் தன் பார்க்கிங் மீட்டர்களை 2008இல் 75 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாருக்கு விட்டுவிட்டது, அந்த எரிச்சல் இன்னும் யாருக்கும் ஆறவில்லை. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை பல பெரிய தெருக்களில் அதிகாலை 3 மணி முதல் 7 மணி வரை வண்டி நிற்கக் கூடாது. பனியே பெய்யாவிட்டாலும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பனி பெய்தாலோ, தோண்டி எடுத்த இடத்தில் பழைய நாற்காலியைப் போட்டு 'இது என் இடம்' என்று பிடித்து வைப்பார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனாலும் அந்த நாற்காலியை நகர்த்துகிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இனி டிவி. கேபிள் வேண்டாம். ஜன்னலில் ஒட்டுகிற சின்ன ஆண்டெனா ஒன்று வாங்குங்கள், பெரிய சேனல்கள் எல்லாம் காசில்லாமல் வரும். 11ஆம் எண்ணில் பொதுச் சேனல் இருக்கிறது, ஊரின் கட்டடங்களைப் பற்றியும் பேட்டைகளைப் பற்றியும் அதில் வருகிற நிகழ்ச்சிகளைக் கண்டிப்பாகப் பாருங்கள். இரவு 10 மணிச் செய்தியை மட்டும் தினமும் பார்க்கும் பழக்கம் வேண்டாம். முதல் பத்து நிமிஷம் துப்பாக்கிச் சூடு, அப்புறம் வானிலை. நேப்பர்வில் நண்பர்கள் சிலர் சிகாகோவை அந்தச் செய்தி வழியாக மட்டுமே பார்ப்பதால், இங்கே குடியிருக்கிற என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். வன்முறை பொய்யில்லை, சில பேட்டைகளை அது உண்மையிலேயே வாட்டுகிறது. நள்ளிரவில் காலியான ரயில் பெட்டியில் ஏறாதீர்கள், ஆள் இருக்கும் பெட்டியாகப் பார்த்து ஏறுங்கள். அதற்காக ஊரையே வேண்டாம் என்று ஒதுக்குவது சரியில்லை. போலீஸ், தீயணைப்புத் தொடர்களையும் இங்கேயேதான் எடுக்கிறார்கள். ஒருநாள் உங்கள் தெருவையும் படப்பிடிப்புக்காக அடைப்பார்கள், அப்போது நீங்களே பார்ப்பீர்கள்.

தமிழ் சேனலும் ஐபிஎல்லும் ஃபோனில் கிடைக்கும், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் கோடையில் நம் ஊருக்கும் இதற்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே ராத்திரி ஏழரை மணி ஆட்டம் இங்கே காலை 9 மணிக்கு. நீங்கள் அப்போது மீட்டிங்கில் இருப்பீர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இந்தியா விடியக் காத்துத் தூங்கிக்கொண்டிருக்கும், அம்மாவுக்கு ஃபோன் போடக்கூட முடியாது. பேஸ்பால் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் ஆரம்பிக்கும், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, அநேகமாகத் தினமும். ஓர் அணிக்கு 162 ஆட்டம். இன்றைக்குத் தோற்றால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை, நாளைக்கு இன்னொன்று.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு முதலில் சலிக்கத்தான் செய்யும். பந்து போடுகிறார், மட்டை காற்றை அடிக்கிறது, மறுபடி பந்து போடுகிறார். இதை டி20 மாதிரிப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஐந்தாம் நாள் ஆடுகளத்தில் ஒரு சுழல் பந்துவீச்சாளர் மட்டையாளருக்கு மூன்று ஓவராக வலை விரிப்பதைப் பார்ப்போமே, அந்தக் கண்ணோடு பாருங்கள். பந்து போடுகிற பிட்சர்தான் இங்கே கதாநாயகன். பத்துத் தடவை வந்து மூன்று தடவை ஹிட் (அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸுக்கு ஓடிச் சேர்வது) அடிக்கிறவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று கொண்டாடுகிறார்கள், அப்படியென்றால் பந்து போடுகிறவரின் கை எவ்வளவு ஓங்கியது என்று பாருங்கள். திரையின் மூலையில் தெரியும் பால், ஸ்டிரைக் எண்ணிக்கையில் ஒரு கண் இருக்கட்டும். அடிக்கத் தவறினாலோ, அடிக்க வாகாக வந்ததை விட்டாலோ ஸ்டிரைக், மூன்றானால் அவுட். தள்ளிப் போனதை அடிக்காமல் விட்டால் பால், நான்கானால் மட்டையாளர் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம். மூன்று பால், இரண்டு ஸ்டிரைக் என்று நிற்கும்போது அரங்கமே எழுந்து நிற்பது ஏன் என்று ஒரு வாரத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். 2023இல் பந்து போடக் கெடு வைத்துவிட்டார்கள், பேஸில் ரன்னர் யாரும் இல்லாதபோது 15 நொடிக்குள் போட்டாக வேண்டும். பழைய ஆட்கள் முனகினார்கள். எனக்கு அது இந்த ஆட்டத்துக்கு நடந்த நல்ல காரியம், சமையல் முடித்துச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவுவதற்குள் ஆட்டமும் முடிகிறது.

சிகாகோவுக்கு அணிகள் இரண்டு. வடக்கே கப்ஸ், தெற்கே வைட் சாக்ஸ், இரண்டுமே சிவப்புத் தடத்தில். கப்ஸின் ரிக்லி ஃபீல்டு 1914இல் கட்டியது. 1988 வரை அங்கே மின்விளக்கே கிடையாது, எல்லாம் பகல் ஆட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் 9ஆம் எண் சேனலில் ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்து வளர்ந்தார்கள். அந்தச் சேனலும் கேபிள் வழியாக நாடு முழுக்கப் போனதால், சிகாகோவை மிதிக்காதவர்கள்கூட கப்ஸ் ரசிகர்கள் ஆனார்கள். உங்கள் மேனேஜர் அயோவாக்காரர் என்றாலும் கப்ஸ் பற்றிப் பேசுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 1908க்குப் பிறகு 108 வருஷம் கழித்து 2016இல்தான் கோப்பை, அதுவும் ஏழாவது ஆட்டத்தில், மழை குறுக்கிட்டு, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் தாண்டிப் பத்தாவதில். 2005இல் சாக்ஸ் வாங்கிய கோப்பையை வடக்குக்காரர்கள் யாரும் பேச மாட்டார்கள். தெற்குக்காரர்கள் அதை மறக்கவும் விடமாட்டார்கள், 2024இல் 121 ஆட்டம் தோற்ற பிறகும். எது உங்கள் அணி என்பதை வீடு பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மளிகைக் கடைக்காரர், லிஃப்டில் வருகிறவர், முடிவெட்டுகிறவர் எந்த அணியோ அதுதான். இந்த ஊரில் முன்பின் தெரியாதவரோடு பேச்சைத் தொடங்க இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. 'நேற்றைய ஆட்டம் பார்த்தீர்களா' என்றால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு எச்சரிக்கை. கப்ஸ் ஆட்டங்கள் 2020 முதல் மார்க்கீ என்ற தனிச் சேனலில்தான் பெரும்பாலும் வருகின்றன. லீக்கின் பொதுச் சந்தாவை வாங்கிவிட்டு உட்கார்ந்தால், உள்ளூர்க்காரர் என்பதற்காகவே உங்கள் அணியின் நேரலையை மறைத்துவிடுவார்கள். எனக்கு 670 ஏஎம் வானொலியே போதும். பாட் ஹியூஸ் 1996 முதல் வர்ணனை சொல்கிறார், யார் எந்த நிறத் தொப்பி என்பது வரை சொல்லிவிடுவார். துணி மடித்துக்கொண்டே கேட்கலாம்.

நேரில் பார்க்க ஆசை என்றால் ஏப்ரலிலேயே போய்விடுங்கள், குளிர் என்பதால் டிக்கெட் மலிவாக இருக்கும். ஸ்வெட்டர் பத்தாது, பனிக்கால கோட்டே வேண்டும். மேற்கூரைக்கு அடியில் இருக்கும் பின்வரிசைகளில் தூண் மறைக்கும், வெயிலும் எட்டாது. வெள்ளிக்கிழமை மதியம் 1.20 ஆட்டமாகப் பார்த்து, வெளிக்களத்துப் பெஞ்சு வரிசையில் டிக்கெட் எடுங்கள். எதிரணி அடித்த ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) பந்து உங்கள் கைக்கு வந்தால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், திருப்பி மைதானத்துக்குள் வீசிவிட வேண்டும். வீசாவிட்டால் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் கத்துவார்கள்.