கெடு முடிந்த பிறகு அப்பீல் செய்யலாமா?

கேள்வி: முன்சீப் கோர்ட்டில் நடந்த இட வழக்கில் எனக்கு எதிராகத் தீர்ப்பாகி ஐந்து மாதம் ஆகிறது. அப்பீலுக்கு 30 நாள்தான் கெடு என்கிறார்கள். கணவருக்கு டயாலிசிஸ் நடப்பதால் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் வக்கீலைப் போய்ப் பார்க்கவே முடியவில்லை. இனி வழி உண்டா? - ஒரு வாசகி

பதில்: உண்டு, அம்மா. அப்பீலோடு தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் போட வேண்டும். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. 'போதுமான காரணம்' காட்டினால் கோர்ட் ஏற்கலாம். எது போதுமானது என்பது நீதிபதி முடிவு செய்வது.

முதலில் நாள் கணக்கைச் சரிபாருங்கள். தீர்ப்பின் நகல் கேட்டு கெடுவுக்குள் மனு போட்டிருந்தால், நகல் தயாராக ஆன நாட்களைக் கழித்துவிடலாம். தேதிகள் நகலிலேயே குறித்திருக்கும்.

மிச்சமுள்ள தாமத நாட்கள் அதிகமாக இருக்கிறதே என்று கலங்காதீர்கள். 1998-ல் பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி வழக்கில் 883 நாள் தாமதத்தையே உச்ச நீதிமன்றம் மன்னித்தது. நம்பி ஒப்படைத்த வக்கீல் வழக்கைக் கவனிக்காமல் விட்டதுதான் அங்கே காரணம். 2012-ல் அதே நீதிமன்றம் தபால் துறையின் 427 நாள் தாமதத்தை ஏற்க மறுத்தது. ஃபைல் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது என்ற சமாதானம் எடுபடவில்லை.

ஆகவே தாமத மனுவோடு தரும் அபிடவிட்டில்தான் (உறுதிமொழிப் பத்திரம்) உங்கள் கவனம் இருக்க வேண்டும். 'குடும்பத்தில் உடல்நிலை சரியில்லை' என்று ஒற்றை வரியில் முடிக்க விடாதீர்கள். டயாலிசிஸ் எப்போது தொடங்கியது, வாரத்துக்கு எத்தனை முறை, கூடப் போக வேறு ஆள் உண்டா, வக்கீலை எப்போது தொடர்பு கொண்டீர்கள் என்று தேதி வாரியாக எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி ரசீதுகளையும் இணையுங்கள். வராத மஞ்சள்காமாலையை வரவழைத்து எழுதிய அபிடவிட்டுகளை நீதிபதிகள் நிறையப் பார்த்தவர்கள். உங்களிடம் உண்மையே இருக்கும்போது கதை எதற்கு?

எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். மனு அனுமதியானாலும், அவர்களுக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்லி உத்தரவு வரலாம்.

இன்னொன்று, பலரும் தாமதமாகத் தெரிந்துகொள்வது: தாமத மனு போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. அந்த மனு முடிந்து, அப்பீலை விசாரிக்கலாம் என்று கோர்ட் முடிவெடுக்கும்வரை தடையுத்தரவு கிடைக்காது. அதற்குள் எதிர்த்தரப்பு தீர்ப்பை நிறைவேற்றக் கோரி மனு போட்டு இடத்தை எடுக்க வரலாம். தீர்ப்பு நகல் கையில் இல்லையென்றால் நாளைக்கே அதற்கு மனு போடுங்கள்.