கோபன்ஹேகன் பயணமும் கணவரின் அண்ணன் குடும்பத்துப் பங்கும்

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். கணவர், நான், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். சென்ற ஆண்டு அக்டோபர் விடுமுறையில் கணவரின் அண்ணன் குடும்பம் நால்வரையும் மாமியையும் சேர்த்து ஒன்பது பேராக ஸ்டாக்ஹோம் போய் வந்தோம். செலவு 4,600 பவுண்டு முழுவதையும் என் கடனட்டையில் போட்டேன். அண்ணன் தம் பங்கில் இதுவரை 300 தந்திருக்கிறார். அட்டையில் இன்னும் 3,800 நிற்கிறது. வட்டி ஆண்டுக்கு 24.9 விழுக்காடு, மாதம் 120 கட்டுகிறேன். இந்த அக்டோபரில் அதே ஒன்பது பேரும் மூன்று இரவு கோபன்ஹேகன் போவதாகப் பேச்சு, மதிப்பீடு 4,200. என் அட்டையில் போட்டால் பாதுகாப்பு இருக்கிறது என்று அண்ணன் சொல்கிறார். இதை 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' தவணையில் எடுப்பதா, வட்டியில்லாப் புதிய அட்டை ஒன்று எடுப்பதா? சேமிப்பு 1,300 பவுண்டு. அட்டைக்குக் கட்டியபின் மாதம் 180 மிஞ்சும். இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தவணையா, புதிய அட்டையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே இந்தக் கடனுக்குக் காரணம் அல்ல. 'முதலில் நான் கட்டிவிடுகிறேன், பிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வழக்கம் உங்கள் குடும்பத்தில் வேரூன்றியிருக்கிறது. அந்தப் 'பிறகு' ஒன்பது மாதமாக வரவில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். 24.9 விழுக்காடு என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 1.9 விழுக்காடு. 3,800 பவுண்டுக்கு மாத வட்டி 70 பவுண்டுக்குச் சற்று அதிகம். நீங்கள் கட்டும் 120இல் கடனைக் குறைப்பது 50 பவுண்டு மட்டுமே. இதே வேகத்தில் போனால் ஸ்டாக்ஹோம் கடன் தீர நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் வட்டியாக மட்டும் ஏறக்குறைய 2,000 பவுண்டு போயிருக்கும். இந்த 3,800இல் அண்ணன் குடும்பத்தின் பங்கு, 4,600இல் பாதியான 2,300இலிருந்து அவர்கள் தந்த 300 போக, 2,000. அதற்கான வட்டி மாதம் 37 பவுண்டு. ஒன்பது மாதத்தில் 300 பவுண்டுக்குக் குறையாமல் அவர்களுக்காக வட்டி கட்டியிருக்கிறீர்கள். அதாவது அவர்கள் தந்த 300 பவுண்டு அந்த வட்டியோடு சரியாகிவிட்டது. உங்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

இதன்மேல் கோபன்ஹேகனுக்கான 4,200 பவுண்டையும் அதே அட்டையில் ஏற்றினால் கடன் 8,000 ஆகும், மாத வட்டி 150 பவுண்டைத் தொடும். நீங்கள் இப்போது கட்டும் 120 அந்த வட்டிக்கே போதாது. இதை எழுதும்போது எனக்கே கவலையாக இருக்கிறது. தயவுசெய்து உங்கள் கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வாசியுங்கள்.

அட்டையில் போட்டால் பாதுகாப்பு என்று அண்ணன் சொல்வது பொய்யல்ல. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றைக் கடனட்டையில் வாங்கி, விற்றவர் ஒப்பந்தத்தை மீறினால், அட்டை தந்த வங்கியும் அதற்குப் பொறுப்பாகும். நல்ல சட்டம். ஆனால் அண்ணன் தம் கடனட்டையில் தம் குடும்பத்துக்கான அறையை எடுத்தாலும் இதே சட்டம்தான் அவரைக் காக்கும். அவருடைய பாதுகாப்புக்கு உங்கள் அட்டை தேவையில்லை.

தவணைத் திட்டங்களை இப்போது விமானச்சீட்டு விற்பவர்களும் விடுதிகளும் வலிந்து நீட்டுகிறார்கள். வட்டி இல்லை என்பது உண்மையாகவே இருந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம். அக்டோபரில் போய்விட்டு வந்தபின் நவம்பரிலும் டிசம்பரிலும் தவணை வரும். தீபாவளிச் செலவும் ஆண்டிறுதிச் செலவும் அதையொட்டித்தான் வரும். ஏற்கெனவே 180 பவுண்டு மட்டும் மிஞ்சுகிற வீட்டில் அது நேரே பழைய அட்டைக்குத் திரும்பிவிடும்.

வட்டியில்லா அட்டையை நான் ஒரே ஒரு வேலைக்கு ஏற்கிறேன்: பழைய 3,800ஐ அதற்கு மாற்றுவதற்கு. மாற்றுக் கட்டணம் 3 விழுக்காடு என்று வைத்தால் 114 பவுண்டு, மொத்தம் 3,914. பதினெட்டு மாதம் வட்டியில்லாக் காலம் கிடைத்தால் மாதம் 217 பவுண்டு கட்டி முழுதாகத் தீர்க்கலாம். உங்கள் 120உடன் அண்ணன் மாதம் 100 தந்தால் கணக்கு அப்படியே பொருந்திவிடுகிறது. மாற்றிய அன்றே பழைய அட்டையை மூடிவிட வேண்டும். காலியான அட்டையைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் ஓராண்டுக்குள் இரண்டு அட்டையிலும் கடனோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

ஆகவே அண்ணனிடம் பேச வேண்டும். பேச வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. தம்பி கேட்டால் அது சகோதரர்களுக்குள் உள்ள கணக்கு. நீங்கள் கேட்டால் அது மருமகள் மீதான குறையாக மாமியின் காதுக்குப் போகும் என்று நீங்கள் அஞ்சலாம், அது எனக்குப் புரிகிறது. நீண்ட விளக்கம் வேண்டாம். 'அண்ணா, ஸ்டாக்ஹோம் கணக்கில் உங்கள் பங்கு 2,000 நிற்கிறது, ஆகஸ்ட் முதல் மாதம் 100 என் கணக்குக்கு வரும்படி வங்கியில் நிலையான கட்டளை போட்டுவிடுங்கள். இந்த முறை அவரவர் சீட்டையும் அறையையும் அவரவரே எடுப்போம், விமானமும் விடுதியும் எது என்று நான் அனுப்புகிறேன்.' இவ்வளவு போதும். ஏற்கெனவே கட்டிய வட்டியை அவரிடம் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்த 300 பவுண்டை இழப்பாக ஏற்றுக்கொண்டு, முதலை மீட்பதில் உறுதியாக நில்லுங்கள்.

கடன் இருக்கும்போது பயணமே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆகஸ்டில் அந்த 100 வந்தால் போங்கள். வராவிட்டால் கோபன்ஹேகனை அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிவையுங்கள். ஏனெனில் அப்போது 217ஐயும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும், மாத மிச்சம் 80 பவுண்டுக்குச் சற்று மேல்தான் நிற்கும்.

போவதானால் மூன்று இரவை இரண்டாக்குங்கள். வெள்ளி மாலை போய் ஞாயிறு இரவு திரும்பலாம். உங்கள் நால்வருக்கு விமானம் 440, காலை உணவோடு குடும்ப அறை இரண்டு இரவுக்கு 360, மற்ற உணவு 170, உள்ளூர்ப் போக்குவரத்து 40, டிவோலி கேளிக்கைப் பூங்காவுக்கு 90 என்று ஒதுக்கினால் 1,100 பவுண்டு. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மிச்சம் 540உம் சேமிப்பு 1,300உம் சேர்ந்து 1,840 இருக்கும். 1,100 போனாலும் 740 கையில் நிற்கும்.

டென்மார்க்கின் இலையுதிர்காலப் பள்ளி விடுமுறை ஆண்டின் 42ஆம் வாரத்தில், அதாவது அக்டோபர் நடுப்பகுதியில், வருகிறது. இங்கிலாந்துப் பள்ளிகளின் விடுமுறை பெரும்பாலும் அதற்கு ஒன்றிரண்டு வாரம் பின்னால் வருவதால், உள்ளூர்க் குடும்பங்களின் நெருக்கடி தணிந்தபின் நீங்கள் போய்ச் சேருவீர்கள். 1843இல் தொடங்கிய டிவோலி, கோடைப் பருவம் முடிந்து செப்டம்பர் இறுதியில் மூடி, அக்டோபர் நடுப்பகுதியில் ஹாலோவீன் பருவத்துக்காக மீண்டும் திறக்கும். விலை மலிவென்று அக்டோபர் முதல் வாரத்தில் சீட்டெடுத்தால் பிள்ளைகள் மூடிய கதவைத்தான் பார்ப்பார்கள். தேசிய அருங்காட்சியகத்திலும் தேசியக் கலைக்கூடத்திலும் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை. பெரியவர் ஒருவருடன் 12 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் பேருந்திலும் மெட்ரோவிலும் இலவசமாகப் போகலாம். விமான நிலையத்திலிருந்து நகர நடுவுக்கு மெட்ரோவில் கால்மணி நேரம்தான். ஒன்பது பேருக்கு வாடகை வண்டி பேசத் தேவையில்லை. துறைமுகத்தைப் படகில் பார்க்கச் சுற்றுலாப் படகுக்குத் தனியே கட்டாமல், அதே போக்குவரத்துச் சீட்டில் துறைமுகப் படகுப் பேருந்தில் ஏறுங்கள். கடையின் அட்டைக் கருவி பவுண்டிலா, டென்மார்க் நாணயமான குரோனரிலா என்று கேட்டால் குரோனர் என்றே அழுத்துங்கள். பவுண்டைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தைக் கடைப்பக்கம் தீர்மானிக்கும், அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமானது. வெளிநாட்டுச் செலவுக்குக் கட்டணம் வாங்காத டெபிட் அட்டை ஒன்றை இப்போதே எடுத்து வையுங்கள்; பல அட்டைகள் ஏறத்தாழ 3 விழுக்காடு பிடிக்கின்றன.

மாமியின் பங்குதான் மிச்சம். அவர் இரண்டு மகன்களுக்கும் தாய், செலவையும் இரண்டு வீடுகளும் பகிர வேண்டும். விமானச்சீட்டை, சுமார் 110 பவுண்டு, நீங்கள் உங்கள் டெபிட் அட்டையில் எடுங்கள். அவருக்கான படுக்கை அண்ணன் எடுக்கும் அறையில் இருக்கட்டும். மாமியை அழைத்துச் சொல்லும்போது சீட்டு எடுத்தாகிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள், ஸ்டாக்ஹோம் கணக்கு அவருடைய காதுக்குப் போக வேண்டியதில்லை.