என்னைத் தெரிகிறதா?

அன்புள்ள சார்,

கிளைவ் வேரிங் பற்றி 2005இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ஆவணப்படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். திடீர்க் காய்ச்சலில் நினைவை இழந்த லண்டன் இசைக்கலைஞர். அவருக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. நம் ஞானிகள் சொன்ன ‘இந்தக் கணத்தில் வாழ்தல்’ அவருக்குத் தானாகவே கிடைத்துவிட்டதோ என்று தோன்றியது. மனைவி டெபொரா நடுவில் விவாகரத்து வாங்கியது மட்டும் உறுத்தலாக இருந்தது. இப்படி ஒருவரைப் படமெடுப்பது சரிதானா? உங்கள் கருத்தை அறிய ஆசை.

பக்கவாதத்துக்குப் பிறகு என் அப்பாவுக்கும் ஞாபகம் தடுமாறுகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் ‘இது யாரு, சொல்லுங்க’ என்று கேட்டுப் பயிற்சி கொடுக்கிறோம். சில சமயம் கோபப்படுகிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிப் பத்தியைப் படித்தபிறகு மற்றதற்குப் பதில் எழுத மனம் ஓடவில்லை. ஆனாலும் ஞானிகளை இழுத்துவிட்டீர்கள், அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கிளைவின் நாட்குறிப்பை நீங்கள் கவனித்தீர்களா இல்லையா? மணியைக் குறித்து, இப்போதுதான் முதல்முறையாக விழித்தேன் என்று எழுதுகிறார். சில நிமிடம் கழித்து அதை அடித்துவிட்டு, இல்லை, இப்போதுதான் உண்மையிலேயே விழித்தேன் என்று எழுதுகிறார். பக்கம் பக்கமாக, வருடக்கணக்கில் இதே வரி. பகலும் இரவும் ஒன்றுதான், கனவுகூடக் கிடையாது, செத்துக் கிடப்பது மாதிரி என்று அவர் வாயாலேயே சொல்கிறார். இதில் எங்கே ஐயா ஞானம்? தியானத்தில் உட்காருகிறவருக்கு எழுந்தால் போக ஒரு வீடு இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். ஒரு மனிதனின் வதையை நம் தத்துவத்துக்கு உதாரணமாக்காதீர்கள். எனக்கு இது பிடிக்கவே இல்லை.

விவாகரத்தா? 1985 மார்ச்சில், 46 வயதில், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் அவர் மூளைக்குள் போனது. உதட்டோரத்தில் கொப்புளம் போடவைக்கிற அதே வைரஸ்தான். புதிய நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் அழிந்துபோயிற்று. இப்படிப்பட்டவர்களுக்கு என்று ஓர் இடம் இல்லாததால் ஏழு வருடத்துக்குமேல் லண்டன் மருத்துவமனையிலேயே இருந்தார். டெபொரா அதற்காகவும் அலைந்து போராடினார். 1994இல் விவாகரத்து, நியூயார்க், பிறகு திரும்பி வந்து 2002இல் அவரோடு மறுபடியும் திருமண உறுதி எடுத்துக்கொண்டார். அந்த ஏழு வருடத்தில் ஒரு வாரத்தையாவது நீங்களும் நானும் தாங்குவோமா என்று யோசித்துவிட்டு உறுத்தலைப் பற்றிப் பேசுவோம்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதுபோல ஒரு பெரிய மனிதரை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்பது பயிற்சி என்று உங்களுக்கு யார் சொன்னது?

கிளைவைப் பல வருடம் ஆராய்ந்த நரம்பு உளவியலாளர் பார்பரா வில்சன். அவரும் ஆலன் பேட்லியும் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நினைவிழந்தவர்களுக்குச் சில சொற்களை இரண்டு விதமாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு முறையில், முதல் எழுத்துகளை மட்டும் கொடுத்து, என்ன சொல், ஊகியுங்கள் என்றார்கள். ஊகித்துத் தவறியபிறகுதான் சரியானதைச் சொன்னார்கள். மற்ற முறையில் எழுத்தோடு சேர்த்துச் சொல்லையும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த இரண்டாவது வழியில்தான் அவர்களுக்கு அதிகம் நின்றது. ஏனென்றால் நாம் தவறாகச் சொன்னால், தவறாகச் சொன்னோம், திருத்தினார்கள் என்பது நமக்கு நினைவிருக்கும். அவர்களிடம் இல்லாததே அந்த நினைவுதானே! ஆனால் வாயில் வந்த தவறான சொல் மட்டும் உள்ளே எங்கோ பதிந்துவிடுகிறது, அடுத்த முறை அதுவே முந்திக்கொண்டு வருகிறது. உங்கள் அப்பாவுக்கு வந்தது வேறு நோய், அவருக்கு என்ன பயிற்சி என்பதை மருத்துவர் சொல்லட்டும். விருந்தாளிகள் சொல்ல வேண்டாம்.

அவர் ஏன் கோபப்படுகிறார் என்று கேட்டால் அதற்கும் கிளைவையே பாருங்கள். இது உங்கள் கையெழுத்துதானே என்று நாட்குறிப்பைக் காட்டினால் அவரும் கொதித்துப்போவார். கையெழுத்து தன்னுடையது என்று தெரிகிறது, எழுதியது தெரியவில்லை. தெரிய வேண்டிய ஒன்று தெரியவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிவது எவ்வளவு பெரிய அவமானம்!

எங்கள் பெரியப்பாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தார். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஆப்பிளை வைத்த கையோடு ‘என்னைத் தெரியுதா?’ என்பார்கள். அவர் வேட்டி ஓரத்தை மடித்து மடித்துப் பிரிப்பார், பெரியம்மாவின் முகத்தைப் பார்ப்பார், விடை அங்கே இருக்கிறதா என்று. தவறாகச் சொன்னால் வந்தவர் சிரிப்பார். பகையால் இல்லை, சங்கடத்தால்தான். ஆனால் சிரிப்பு சிரிப்புதானே? பெரியம்மா அதிகம் படித்தவரில்லை, எந்த ஆய்வும் அவருக்குத் தெரியாது. ஒருநாள் முதல் வாசலிலேயே குரல் கொடுக்க ஆரம்பித்தார்: ‘ஏங்க, உங்க தம்பி மகன் வந்திருக்கான், திருச்சியிலேர்ந்து.’ அவ்வளவுதான், பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து ‘வாப்பா, சாப்டியா?’ என்பார். அந்தப் பத்து நிமிடம் அவர் வீட்டுக்குப் பெரியவராக இருந்தார். கேள்வி கேட்ட நாளில் நோயாளியாக மட்டும்தான் இருந்தார்.

படமெடுத்தது சரியா என்றல்லவா கேட்டிருந்தீர்கள்? டெபொரா கூடவே இருக்கும் படம் அது, எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை, விரிவாக இன்னொரு நாள் எழுதுகிறேன். நீங்கள் முதலில் இதைச் செய்யுங்கள். யார் வந்தாலும் முந்திக்கொண்டு பெயரையும் உறவையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்களும் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் அறைக்குள் போங்கள். இல்லை, கேட்டே தீருவேன் என்று யாராவது நின்றால், அவர் மாமாவோ சித்தப்பாவோ, முன்னறையிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.